பாஸ்வேர்டாக இருந்தவர்

என் கண்ணு,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுவாய். கடிதத்தில் நடுவில் "சரிம்மா" போட இடமில்லை. அதனால் ஆபீஸிலிருந்து வந்து, கை கால் கழுவி, காப்பி குடித்துவிட்டு, உட்கார்ந்து முழுசாகப் படி. பாதியில் எழுந்து போனாயானால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது என் முகத்திலேயே முழிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை நீ புலம்பிவிட்டுப் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் உன் பெண்டாட்டி பேசினாள். இரண்டு பேரும் சொன்னது ஒரே விஷயம்தான், ஆனால் கேட்க வேறு வேறு வீட்டுக் கதை மாதிரி இருந்தது. நீ சொன்ன கதை இது. ஆபீஸ் கம்ப்யூட்டர் உன்னை உள்ளே விடவில்லை, வீட்டுக் கம்ப்யூட்டரும் விடவில்லை, ஈமெயிலும் "நீ யாரப்பா?" என்று கேட்கிறது. மூன்றுக்கும் மஞ்சுளா பேரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தாய். ஆபீஸில் மாதா மாதம் மாற்றச் சொன்னார்கள் என்று பேருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று நம்பர் சேர்த்துக்கொண்டே போனாய், இப்போது எந்த மிஷினில் எந்த நம்பர் என்று உனக்கே தெரியவில்லை. எல்லா நம்பரையும் போட்டுப் பார்த்து, மூன்று இடத்திலும் பூட்டு விழுந்து, மேனேஜர் எல்லார் முன்னாலும் கேலி செய்துவிட்டார். இவ்வளவுதானே? இதற்கா அழுகிற குரலில் பேசினாய், எருமை மாடு மாதிரி வளர்ந்தவன்?

மஞ்சுளா சொன்ன கதையைக் கேள். "அத்தே, மூணு எடத்துலயும் என் பேரத்தான் வச்சிருக்கறன்னு இவரு பெருமையா சொல்றாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு தடவையாவது வாயத் தொறந்து அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரா? 'இந்தா'ன்றாரு, 'ஏய்'ன்றாரு, 'கேக்குதா'ன்றாரு. பால்காரர் கூட என்ன மஞ்சுளாம்மான்றாரு அத்தே. இனிமே 'இந்தா'ன்னு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கப் போறதில்ல." சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கடைசியில் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அது கேட்டது, உனக்கு ஏன் கேட்கவில்லை?

பாஸ்வேர்ட் விஷயத்தில் உனக்கு முன்னால் அடிபட்டவள் நான். நீ கம்ப்யூட்டர் படிக்கப் போகுமுன்னாலேயே என்னைக் கம்ப்யூட்டர் வெளியே நிறுத்திப் பூட்டியிருக்கிறது. அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். அம்மா கம்பெனியில் ஏதோ என்கொயரி, அப்புறம் அம்மா பர்மனென்ட் ஆகிவிட்டாள், வீட்டில் கேசரி செய்தார்கள், அவ்வளவுதான் உன் ஞாபகத்தில் இருக்கும். கேசரி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

நீ அப்போது பத்தாவது. நாம் மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு வந்து ரொம்ப வருடம் ஆகியிருந்தது. பைக்குக்கு கியர் செய்கிற கம்பெனியில் பேக்கிங் பெண்ணாகச் சேர்ந்த நான், எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங்கும் முடித்திருந்ததால் மெல்ல மெல்ல மேஜைக்கு வந்திருந்தேன். மேஜைக்கு வந்தாலும் டெம்ப்ரவரிதான். டெம்ப்ரவரி என்றால் என்ன என்று உன் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்காமல் போவோம். பார்த்தால் "நாளைக்கு வர வேணாம்மா" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். எத்தனை நாள் குனிந்த தலையோடு அந்தக் கேட்டைத் தாண்டியிருக்கிறேன் தெரியுமா? அந்த வருடம்தான், வருகிற லிஸ்ட்டில் என் பேரும் ஜமீலா பேரும் இருப்பதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. ஜமீலா என்னோடு அதே மேஜையில் இருந்தவள், நீ அவளுடைய பெருநாள் பிரியாணியை வயிறு முட்டத் தின்றிருக்கிறாய்.

அதே வருடம்தான் கம்ப்யூட்டரும் வந்தது. ஸ்டோர்ஸில் ஒன்று, பேக்கிங்கில் ஒன்று, சரக்கு வெளியே போகிற கேட்டில் ஒன்று. மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்றில் மாற்றினால் மற்றதற்குத் தெரியாது. பெங்களூர் ஹெட் ஆபீஸிலிருந்து மீசை முளைக்காத ஒரு பையன் வந்து, கேன்டீனில் எங்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தான். "பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது. உங்களுக்கு மறக்கவே மறக்காத சொல்லாக இருக்க வேண்டும், ஆனால் உங்கள் வாயிலிருந்து வரவே வராத சொல்லாக இருக்க வேண்டும்" என்றான். அவன் சொல்லி முடிக்குமுன் எனக்குப் பளிச்சென்று தோன்றிவிட்டது. மறக்கவும் மறக்காது, வாயிலும் வராது. அப்படி ஒரு சொல் உலகத்தில் எனக்கு ஒன்றுதான் இருந்தது. உன் அப்பா பேர்.

எங்கள் ஜவளகிரிப் பக்கத்தில் அப்படி. கல்யாணமான மறுநாளிலிருந்து புருஷன் பேரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் மனதில் ஆணி அடித்த மாதிரி இறக்கியிருந்தார்கள். எழுதலாம், டைப் அடிக்கலாம், வாயால் மட்டும் கூடாது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் "அப்பா பேர் என்ன?" என்றார். நீ வெட்கத்தில் என் முந்தானைக்குள் போய்விட்டாய். நான் கூரையைப் பார்த்தேன். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு மாதிரி செருமினார். பதற்றத்தில் எழுதிக் காட்டலாம் என்று கூடத் தோன்றாமல், அவரை ஜன்னல் பக்கம் வரச்சொல்லி, வெளியே மரத்தடியில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த உன் அப்பாவைக் கை காட்டினேன். அவர் போய்ப் பேரைக் கேட்டுக்கொண்டு வந்து எழுதினார். அப்புறம் நீ வெட்கம் விட்டுப் பேசப் பழகியதும் எனக்கு நிம்மதி. ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, பேர் கேட்டால் உன் முதுகில் ஒரு தட்டு தட்டுவேன், நீ கணீரென்று சொல்லுவாய்.

ஆனால் மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்ட் கூடாது என்று அந்தப் பையன் சொல்லிவிட்டான். அதற்கும் நான் அசரவில்லை. வாயால் சொல்லக் கூடாத பேர் என் கையிருப்பில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று என் மாமனார் பேர், இன்னொன்று என் மூத்தார், அதாவது உன் பெரியப்பா பேர். ஸ்டோர்ஸில் உன் அப்பா, பேக்கிங்கில் மாமனார், கேட்டில் மூத்தார் என்று வைத்தேன். மாதம் பிறந்ததும் பாஸ்வேர்டை மாற்று என்றார்கள். புதுப் பேருக்கு எங்கே போவது? இருக்கிற மூவரையே சுற்றிவிட்டேன். ஸ்டோர்ஸில் இருந்தவர் பேக்கிங்குக்கு, பேக்கிங்கில் இருந்தவர் கேட்டுக்கு, கேட்டில் இருந்தவர் ஸ்டோர்ஸுக்கு. குடும்பத்தை ஒரு வழி செய்துவிட்டேன்.

நான்தான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் ஜமீலா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, ரெண்டு தடவ தப்பாயிடுச்சு. இன்னொரு தடவ தப்பாச்சுன்னா பூட்டிக்கும். இந்த மாசம் இங்க இருக்கறது அவங்களா, எங்க மாமனாரான்னு மறந்து போச்சுக்கா" என்றாள். அவள் வீட்டிலும் அதே வழக்கம், அவளுக்கும் அதே யோசனை. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கல்யாணமாகாத சரோஜா என்ன வைத்திருக்கிறாள் என்று விசாரித்தால் அவள் காது மடல் வரை சிவந்துபோனாள். பாகலூரில் இருக்கிற அத்தை மகன் பேராம். அடுத்த தை மாதத்தில் அந்தக் கல்யாணத்தை நாங்களே பேசி முடித்தோம்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு பாஷையே உண்டாகிவிட்டது. "அக்கா, உங்க மாமனார் லாக் ஆயிட்டாரா?" என்பாள் ஜமீலா. "இல்லம்மா, அவர் நல்லாதான் இருக்கறாரு, மூத்தார்தான் காலையில இருந்து மக்கர் பண்றாரு" என்பேன். "எங்க ஊட்டுக்காரர கேட்டுக்கு அனுப்பிட்டன்" என்று அவள் அந்த மூலையிலிருந்து கத்துவாள். ரகசியம் காக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் நாங்கள் யாரும் பாஸ்வேர்டைச் சொல்லவில்லையே. பேர் வாயில் வந்தால்தானே சொன்னதாகக் கணக்கு? ஆனால் என் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கம்பெனியில் யாருக்குத் தெரியாது? உன் அப்பா ராயக்கோட்டைக்குத் தக்காளி ஏற்றப் போகிற வழியில் தினமும் காலையில் என்னைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போவார். அவர் டெம்போவின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, மஞ்சள் பெயின்ட்டில், இரண்டு பக்கமும் ரோஜாப்பூ வரைந்து, அவர் பேரையே பெரிசாக எழுதியிருந்தார். என் பாஸ்வேர்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் தினமும் வேலைக்குப் போனேன். அது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஜவளகிரியில் என் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று ஒருநாள் லீவு போட்டேன். மறுநாள் திரும்பி வந்தால் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து இடி விழுந்தது. சரியாக அரைபடாததால் திருப்பி அரைக்க வேண்டிய கியர்கள், நல்ல சரக்கோடு சரக்காக லாரி ஏறி பெங்களூருக்குப் போய்விட்டன. வாங்கினவர்கள் அவ்வளவையும் திருப்பி அனுப்பி, வாய்க்கு வந்தபடி ஃபேக்ஸும் அனுப்பினார்கள். கேட் கம்ப்யூட்டரில் அந்த லோடை அனுப்பியது யார் என்று பார்த்தால் என் பேர். அந்த மாதம் கேட்டில் இருந்தது உன் அப்பா.

நான் லீவில் இருந்தது எல்லோருக்கும் தெரியும், அதனால் நான் அனுப்பவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர்கள் பிடித்த குற்றம் வேறு. "நீ பாஸ்வேர்டை யாரிடமோ சொல்லியிருக்கிறாய். சொல்லாமல் எப்படி இன்னொருவர் உள்ளே போக முடியும்?" என்று மெமோ கொடுத்தார்கள். விளக்கம் சரியில்லை என்றால் பர்மனென்ட் லிஸ்ட்டில் பேர் இருக்காது, வேலையும் இருக்காது. வருடக்கணக்காகக் குனிந்த தலை, அது நிமிரப் போகிற நேரத்தில் இப்படி. யார் செய்திருப்பார்கள் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். எல்லோரும் வருத்தமாகத்தான் இருந்தார்கள். சூப்பர்வைசர் நரசப்பா மட்டும் என்னைப் பார்த்தால் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். தெலுங்குக்காரர், நல்ல மனுஷன், அவர் வீட்டுப் பலாச்சுளையை எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுப்பவர். என் நிலைமையைப் பார்க்க மனது தாங்காமல் திரும்புகிறார் என்று நினைத்தேன்.

என்கொயரி நடத்த பெங்களூரிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். தடிக் கண்ணாடி, சஃபாரி சூட், கன்னடத்தில் பாதி தமிழில் பாதி. மேனேஜர் ரூமில் அவர், மேனேஜர், நரசப்பா, பேச்சைப் பேசப் பேச அடிக்க ஒரு டைப்பிஸ்ட் பையன். எனக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்றதால் ஜமீலா. ஜன்னலுக்கு வெளியே, டீ குடிக்கிற சாக்கில், பாதிக் கம்பெனி.

"நோடி அம்மா, இங்க பாருங்க, நீங்க பாஸ்வேர்ட் யாருக்காவது சொன்னீங்களா?" என்றார்.

"இல்லீங்க சார். அது என் வாயிலயே வராது."

"வாயில வராதா? ஏன்?"

"சொல்லக் கூடாதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேனேஜரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏனம்மா, கெட்ட வார்த்தையா?" என்றார். டைப்பிஸ்ட் பையன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். மேனேஜர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பக்கத்தில் ஜமீலா முக்காட்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்குகிறாள். அவள் சிரிப்பதைப் பார்த்ததும் ஆபீசருக்கு உறுதியாகிவிட்டது. "கம்பெனி கம்ப்யூட்டர்ல இப்படி வார்த்தை போடறது இன்னொரு குத்தம், தெரியுமா?" என்று சத்தம் போட்டார். பாஸ்வேர்டைச் சொன்ன குற்றம் போதாதென்று இப்போது சொல்லாத குற்றமும் சேர்ந்துகொண்டது.

ஜமீலாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து, "சார், அது கெட்ட வார்த்தை இல்ல சார். அவங்க ஊட்டுக்காரர் பேரு" என்றாள்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்ப உங்களுக்குச் சொல்லி இருக்காங்க!"

"அவங்க சொல்லல சார். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் சொல்லி இருக்காங்களா?"

பாவம், ஜமீலா வாய் திறந்த ஒவ்வொரு தடவையும் என் குழி ஒரு அடி ஆழமாயிற்று. கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "அவங்க சொன்னா கணக்கில்ல. பாஸ்வேர்ட் உங்களது. நீங்களே சொன்னாத்தான் பதிவாகும். பேகா ஹேளம்மா, சீக்கிரம் சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினார். ஒரு பேப்பர் கொடுங்கள், எழுதித் தருகிறேன் என்றேன். அவர் மேஜையிலிருந்த சர்க்குலரை எடுத்துக் காட்டினார். பாஸ்வேர்டை எக்காரணம் கொண்டும் பேப்பரில் எழுதக் கூடாது என்று ஹெட் ஆபீஸ் உத்தரவாம். எழுதினால் அது மூன்றாவது குற்றம்.

கண்ணு, அந்த அறையில் நான் நின்ற நிலைமையை நினைத்துப் பார். ஒரு பக்கம் பர்மனென்ட். உன்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும், யார் முகத்துக்கும் பயப்படாமல் அந்தக் கேட்டைத் தாண்ட வேண்டும். இன்னொரு பக்கம் உன் அப்பா, அந்த நேரத்தில் டெம்போவில் தக்காளியோடு சானமாவு காட்டு வழியில் வந்துகொண்டிருப்பார். அந்த ரோட்டில் எப்போது எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து யானை வரும் என்று சொல்ல முடியாது. இன்றைக்கு எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. நான் ஒரு சொல் சொன்னால் அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"கேக்கலம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான் டைப்பிஸ்ட்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! இத்தனை வருடம் காப்பாற்றியதைக் கொட்டியாகிவிட்டது, இவனுக்குக் கேட்கவில்லையாம். வயலில் மேய்கிற மாட்டை விரட்டுகிற குரலில் இன்னொரு தடவை சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே டீ கிளாஸ் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

அப்போதுதான் நரசப்பா எழுந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "சார், ஒரு பொம்பள, வேலைக்காகப் புருசன் பேரயே வாயால சொல்லிட்டாங்க. இதுக்கு மேல நா கம்முனு குந்தினு இருந்தா நா மனுசனே இல்ல சார். நாந்தான் அடிச்சன்" என்றார். அன்றைக்கு லாரி நிற்கிறது, டிரைவர் செக்போஸ்ட்டில் கூட்டம் சேருமுன் பார்டரைத் தாண்ட வேண்டும் என்று கத்துகிறான், நான் லீவு, அவருடைய பாஸ்வேர்டோ முதல் நாளே பூட்டிக்கொண்டது. அவசரத்தில் எந்தச் சரக்கு என்று பார்க்காமல் அடித்து அனுப்பிவிட்டார்.

"உங்களுக்கு எப்படிப் பாஸ்வேர்ட் தெரிஞ்சுது? அவங்க சொன்னாங்களா?" என்றார் ஆபீசர்.

"அவங்க எங்க சார் சொல்றாங்க? இந்த மாசம் ஊட்டுக்காரரு கேட்ல இருக்கறாருன்னு ஜமீலாகிட்ட கத்தினாங்க. ஊட்டுக்காரரு பேரு டெம்போ மேலயே எழுதி இருக்குது. பூவெல்லாம் போட்டு."

ஆபீசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இப்படிப் பாஸ்வேர்ட் வைக்க உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "நீங்க அனுப்பின பையன்தாங்க சார். வாயில வரவே வராத சொல்லா வைக்கச் சொன்னாரு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நரசப்பாவுக்கு ஒரு எச்சரிக்கையோடு போயிற்று. அந்த மாதமே என் பேரும் ஜமீலா பேரும் லிஸ்ட்டில் வந்தன. மனுஷர் பேர் எதையும் பாஸ்வேர்டாக வைக்கக் கூடாது என்று புது சர்க்குலரும் வந்தது. பெங்களூரிலிருந்தே எழுத்தும் நம்பரும் கலந்து ஏதோ கொடுத்தார்கள், ஒரே வாரத்தில் கம்பெனி மொத்தமும் பூட்டிக்கொண்டு வெளியே நின்றோம், அது வேறு கதை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பூட்டிய மூன்றையும் ஒரேயடியாகத் திறக்கப் பார்க்காதே. கோபத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால் அது இன்னும் இறுக்கிக்கொள்ளும். முதலில் ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவுக்காரரிடம் போய், மறந்துவிட்டது என்று நேராகச் சொல், மறப்பது குற்றம் இல்லை. மேனேஜர் கேலி செய்தால் நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு வா. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக வை. வீட்டில் இருக்கிற ஆளின் பேரை வைக்காதே, தெருவில் போகிறவன் கூடக் கண்டுபிடிப்பான். உனக்கு மட்டும் தெரிந்த அற்பமான விஷயம் ஏதாவது இல்லாமலா போகும்? சின்ன வயதில் நீ திருடித் தின்றது எதுவாவது இருக்குமே, எனக்கும் தெரியாமல். அதை வை. என்னிடம் சொல்லாதே, இப்போது தெரிந்தாலும் அடிப்பேன்.

பாஸ்வேர்ட் விஷயம் அவ்வளவுதான். மஞ்சுளா விஷயத்துக்குத்தான் இவ்வளவு பெரிய கடிதம். உன் அப்பா என்னை "இந்தா" என்றுதான் கூப்பிடுவார், அதைப் பார்த்து வளர்ந்தவன் நீ, அதனால் உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்கொயரி நடந்த அன்று சாயங்காலம் நம் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. அதை மட்டும் கேட்டுக்கொள்.

ஜெயித்துவிட்டு வந்த சந்தோஷம் கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள் கரைந்துபோனது. வழக்கமாக வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிற உன் அப்பாவைக் காணோம். நீ கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து பசிக்கிறது என்றாய், உன்னை முறைத்தேன், நீ கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்கப் போய்விட்டாய். எனக்கு உயிர் என்னிடம் இல்லை. சொன்னதால்தான் ஆகிவிட்டது, அதுவும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன் என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று, "முதல் தடவை சொன்னது என் கணக்கு, இரண்டாவது தடவையை அந்த டைப்பிஸ்ட் கணக்கில் எழுதிக்கொள்" என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், அப்படித்தான் வேண்டினேன். சிரித்துக்கொள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் டெம்போ சத்தம் கேட்டது. "சானமாவுல ரோட்டு மேலயே யானை நின்னுட்டுது. கூட குட்டி வேற. நகரவே மாட்டேன்னுது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், நான் அழுவதைப் பார்த்து நின்றுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை நிலைத்தது என்பதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"யார் யார் இருந்தாங்க?" என்றார்.

சொன்னேன்.

"நரசப்பாவும் காதால கேட்டானா?"

"கேட்டாரு."

"வெளிய இருந்தவங்க?"

"அவங்களும்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "பெங்களூர்க்காரன் கேட்டான், டீ குடிக்க வந்தவன் கேட்டான். இத்தன வருசத்துல நான் மட்டும் கேக்கல" என்றார். அவர் கோபமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. உன் அப்பா கண் கலங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "எங்க, ஒரு தடவ சொல்லு" என்றார். ஆயுசு, கியுசு என்று ஏதோ உளறினேன். "நான்தான் வந்துட்டனே. சொல்லு" என்றார்.

எதிரே நின்று சொல்ல வெட்கமாக இருந்தது. அடுப்படிக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னேன். டைப்பிஸ்ட்டுக்குச் சொன்ன குரலில் பாதி கூட இல்லை. வெளியே உன் அப்பா, யாரோ கூப்பிட்டால் கேட்கிற மாதிரியே, "இன்னா?" என்றார்.

"சும்மாதான் கூப்பிட்டன்" என்றேன்.

நீ இன்றைக்கு மஞ்சுளாவைச் சும்மா ஒரு தடவை கூப்பிடு.

அம்மா